பயாப்ஸி ரிப்போர்ட் முதலில் யார் கைக்கு வர வேண்டும்?

வேளச்சேரி வாசுகி:
சென்னையில் பல இடங்களில் பயாப்ஸி (சதைத் துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் தயாரானாலும் கேட்டால் கையில் தருவதில்லை. "ஓபிக்கு வாங்க, டாக்டர் சொல்வார்" என்கிறார்கள். அதுவரை வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் வந்த விதிப்படி, ரிப்போர்ட்டைக் காரணமில்லாமல் தடுத்து வைக்க முடியாது. தயாரானதும் நோயாளியின் போனில் வந்துவிடுகிறது. இங்கேயும் அப்படித்தான் வர வேண்டும்.

பெரம்பூர் மருத்துவர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை, மேடம். வெள்ளி இரவு போனில் "கார்சினோமா", அதாவது புற்றுநோய் என்று வருகிறது. அதே தாளில் "கிரேடு 1" என்றும் இருக்கும்; மெதுவாக வளரும் வகை. அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? திங்கள்வரை அந்தக் குடும்பம் கூகுளோடுதான் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே ஓபி முடித்து வீட்டுக்குப் போனால் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் படங்கள் குவிந்து கிடக்கின்றன, "ஸ்டார் போட்டிருக்கே, பயப்படணுமா டாக்டர்?" என்று.

வேளச்சேரி வாசுகி:
2023இல் அமெரிக்காவில் 8,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தார்கள். 96 சதவீதம் பேர் உடனே வேண்டும் என்றார்கள். ரிப்போர்ட் சரியில்லாதவர்களில் கவலை கூடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம், ஆனாலும் அவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

பெரம்பூர் மருத்துவர்:
அவர்கள் தாங்களே லாகின் செய்து பார்த்துப் பழகியவர்கள். என் ஓபியில் பாதிப் பேருக்கு ரிப்போர்ட்டில் உள்ள ஆங்கிலமே புரியாது.

எம்ஆர்டி (மருத்துவப் பதிவேடுகள் பிரிவு) ஊழியர்:
ரெண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். பதிவு கவுன்டரில் போன் நம்பர் கேட்டால் அம்மா மகன் முகத்தைப் பார்ப்பார். மகன் தன் நம்பரைச் சொல்வார். அப்புறம் ஓடிபி, ரிப்போர்ட் எல்லாம் அவருக்குத்தான் போகும். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று எங்களிடம் கேட்பவரும் அவரே. நோயாளியின் உரிமை என்கிறோம், நோயாளிக்குத்தான் எதுவும் தெரியாது.

பெரம்பூர் மருத்துவர்:
இதுதான் என் பெரிய பயம். கல்யாணமாகாத பெண் என்னை நம்பிச் சொன்னதை நான் கேஸ் ஷீட்டில் எழுத, அப்பா தன் போனில் படித்தால்? அடுத்த முறை அவள் வாயே திறக்க மாட்டாள், நானும் எழுத மாட்டேன். அரைகுறைக் குறிப்பை வைத்து அடுத்த டாக்டர் எப்படி வைத்தியம் பார்ப்பார்?

வேளச்சேரி வாசுகி:
நம்பர் தப்பு என்றால் நம்பரைத் திருத்துங்கள். அதற்காகக் கதவை ஏன் மூட வேண்டும்? 2010இல் பாஸ்டன் உட்பட மூன்று இடங்களில் 105 டாக்டர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அவர்களும் முதலில் பயந்தவர்கள்தான்; ஒரு வருடம் கழித்து ஒருவர்கூட நிறுத்தவில்லை. நம் மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்கிறது. சாம்பிள் எடுக்கும்போதே நோயாளியைத் தனியாகக் கேளுங்கள்: உடனே வேண்டுமா, டாக்டரோடு பார்க்கிறீர்களா, எந்த நம்பருக்கு அனுப்ப?

பெரம்பூர் மருத்துவர்:
சரி, அப்படிக் கேட்டு எழுதலாம். ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே ஒத்துக்கொள்கிறேன். பயாப்ஸிக்கு மட்டும், நானே கூப்பிட்டுப் பேச ஒரு நாள் வேண்டும். அதை விட்டுத்தர மாட்டேன்.

வேளச்சேரி வாசுகி:
அந்த ஒரு நாளை எழுத்தில் கொடுங்கள். மறுநாள் நீங்கள் கூப்பிடாவிட்டாலும் ரிப்போர்ட் வந்துவிட வேண்டும்.