மார்ட்டினிக்கு என்ன சைடிஷ்?

ஈலிங் குமரன்:
வரும் சனிக்கிழமை கூட வேலை பார்க்கும் நான்கு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். லண்டனில் ஒன்பது வருடம் ஆகியும் நான் பீரைத் தாண்டியதில்லை. ஆனால் மேனேஜர் அம்மாவுக்கு மார்ட்டினி என்ற ஜின் காக்டெயில் என்றால் உயிர். "நானே கலந்து தருகிறேன்" என்று வாய் கொடுத்துவிட்டேன். நேற்று ஒத்திகை பார்த்தேன். சினிமாவில் பார்த்தது போல ஷேக்கரில் போட்டுக் குலுக்கினால் கழனித்தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. சைடிஷ் சிக்கன் 65 என்று மனைவி முடிவே செய்துவிட்டாள். ஒத்துப்போகுமா? மார்ட்டினியிலேயே டர்ட்டி, கிப்சன், வெஸ்பர் என்று வேறு ஏதேதோ வகை சொல்கிறார்கள். எதற்கு எதை வைப்பது?

பழைய பார்க்காரன்:
தம்பி, பதினொரு வருடம் இதே ஊரில் ஒரு ஹோட்டல் பாரில் நின்றவன் சொல்கிறேன். முதலில் குலுக்குவதை விடுங்கள். ஐஸ் நொறுங்கி, காற்றுக் குமிழி ஏறி, கலங்கத்தான் செய்யும். 60 மில்லி ஜின், 10 மில்லி ட்ரை வெர்மூத் (மூலிகை போட்ட, இனிப்பு குறைந்த ஒயின்), பெரிய ஐஸ் கட்டிகள். நீளக் கரண்டியால் அரை நிமிடம் நிதானமாகக் கலக்கி வடிகட்டுங்கள். கிளாஸ் மதியத்திலிருந்தே ஃப்ரீசரில் இருக்கட்டும். ஐஸ் கரைந்து சேரும் தண்ணீரும் கணக்கில் உண்டு. அது இல்லாவிட்டால் தொண்டையை அறுக்கும். செயின்ட் ஜேம்ஸ் பக்கம் டியூக்ஸ் ஹோட்டலில் ஃப்ரீசரில் வைத்த ஜின்னை ஐஸே படாமல் நேராகக் கிளாஸில் ஊற்றுவார்கள். ஆளுக்கு இரண்டோடு நிறுத்தியும் விடுவார்கள். வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சிக்கன் 65 வேண்டவே வேண்டாம். காரம் ஏறிய நாக்கில் இவ்வளவு ஆல்கஹால் பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும், ஜின்னின் ஜூனிப்பர் வாசம் இருந்த இடம் தெரியாது. அதைப் பிற்பாடு சோற்றோடு வையுங்கள், கூடவே பீரும்.

கிளாஸுக்குள் என்ன போகிறதோ அதைப் பார்த்துத் தட்டை முடிவு செய்யலாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து போட்டால் மீன்: வெண்ணெய் தடவிய பழுப்பு ரொட்டிமேல் புகையூட்டிய சால்மன். ஆய்ஸ்டர் இன்னும் பொருத்தம், ஆனால் நீங்களே ஓட்டைத் திறக்கப் போகாதீர்கள். என் இடது உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. கிப்சன் என்றால் வழக்கமான ஆலிவுக்குப் பதில் வினிகரில் ஊறிய குட்டி வெங்காயம். அதற்கு செடார் சீஸ். பப்பில் ரொட்டி, சீஸ், ஊறிய வெங்காயம் வைத்துத் தரும் பிளவ்மேன்ஸ் லஞ்ச் சாப்பிட்டிருப்பீர்களே, அதே கூட்டணிதான். வெங்காயம் மட்டும் கிளாஸுக்குள் குதித்துவிட்டது. எனக்குப் பிடித்ததும் இதுதான். டர்ட்டியில் ஆலிவ் ஊறிய உப்புத்தண்ணீர் இரண்டு ஸ்பூன் சேரும். உப்பு அங்கேயே இருப்பதால் தட்டில் கொழுப்பு வேண்டும்: ஸ்டில்டன் சீஸ், இல்லாவிட்டால் சூடான சிப்ஸ்.

வெஸ்பர், ஜேம்ஸ் பாண்ட் 1953-இல் வந்த முதல் நாவலில் கேட்டது. ஜின் 3 பங்கு, வோட்கா 1, கீனா லில்லே என்ற கசப்பு ஒயின் அரை. அந்தக் கீனா லில்லே இப்போது வருவதில்லை. அதற்குப் பதில் லில்லே பிளாங்க் ஊற்றினால் கசப்பு குறைகிறது. குலுக்கச் சொல்லி உங்களைக் கெடுத்ததும் அந்த ஆள்தான். எஸ்பிரஸ்ஸோ மார்ட்டினி, 1980களில் டிக் பிராட்செல் என்ற பார்க்காரர் லண்டனில் உருவாக்கியது, பெயரில்தான் மார்ட்டினி. சாப்பாடு முடிந்தபின் கறுப்புச் சாக்லேட்டோடு கொடுங்கள்.

வெர்மூத் ஒயின் வகை, மறக்காதீர்கள். திறந்தால் ஃபிரிட்ஜுக்குள்.

ஊர்சுற்றி:
வெர்மூத்துக்கு 10 மில்லியே அதிகம் என்பேன். வெனிஸில் ஹாரிஸ் பாரில் மான்ட்கோமரி என்று ஒன்று தருகிறார்கள்: ஜின் 15 பங்கு, வெர்மூத் 1 பங்கு. எதிரியைவிட 15 மடங்கு படை இருந்தால்தான் இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி சண்டைக்கே போவாராம், அந்தக் கிண்டல். காலில்லாத சின்னக் கிளாஸ். அங்கேயே பிறந்த கார்ப்பாச்சோவை, அதாவது காகிதம் போல் சீவிய பச்சை மாட்டிறைச்சியை, கூடச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

பழைய பார்க்காரன்:
அது வெறும் ஜின் தம்பி. தைரியமாக ஜின் என்றே கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.

ஹாரோ அக்கா:
குமரன், மனைவியின் வறுவல் ஆசையைக் கெடுக்காதீர்கள். இங்கே வைட்பெய்ட் என்று முழுசாகப் பொரிக்கும் குட்டி மீன் இருக்கிறதே, நம் நெத்திலிக்குத் தங்கை. மிளகாய்த்தூள் கூடாது. மைதா, உப்பு, கொஞ்சம் மிளகு, நல்ல சூட்டில் எண்ணெய். கிளாஸ் கைக்கு வந்த பிறகு பொரிக்கச் சொல்லுங்கள், ஆறினால் சவசவவென்று ஆகிவிடும்.

ஈலிங் குமரன்:
அண்ணே, அக்கா, சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. கலக்கியதும் கண்ணாடி மாதிரி வந்தது. சால்மன் பாதி அப்படியே மீந்தது, வைட்பெய்ட் மூன்று தடவை பொரிக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் அம்மா கிப்சன் கேட்டார். குட்டி வெங்காயம் கடையில் கிடைக்கவில்லை. மனைவி சின்ன வெங்காயத்தை முதல் நாளே வினிகரில் போட்டு வைத்திருந்தாள். ஒன்றைக் கடித்துவிட்டு, "இது எந்தக் கடை?" என்று கேட்டார். வெர்மூத் இப்போது இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் அண்ணே?

பழைய பார்க்காரன்:
ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் என்னையும் கூப்பிடுங்கள்.