புதுப்பிப்பு: ஜப்பானிய கிராம விடுதியில் மொழி தெரியாமல் பேசியது, எது கைகொடுத்தது

ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில், ஆங்கிலம் தெரியாத பாட்டி நடத்தும் மின்ஷுகுவில் (குடும்பமாக நடத்தும் சிறு விடுதி) தங்கும்போது எப்படிப் பேசுவது, சைவம் என்று எப்படிப் புரியவைப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சாப்பாட்டுக்குக் கைகொடுத்தது, ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த அட்டை என்ற யோசனைதான். 'பெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். ஆனால் பெரும்பாலும் மீனில் எடுக்கும் சாறான தாஷி, மிசோ சூப்பிலும் சோபா நூடுல்ஸின் குழம்பிலும் இருக்கும். அட்டையில் 'நிக்கு (இறைச்சி), சகானா (மீன்), கட்சுவோ தாஷி (கட்சுவோ மீன் சாறு) வேண்டாம்; கொம்பு தாஷி சரி' என்று எழுதியிருந்தது. கொம்பு என்பது ஒரு கடற்பாசி. மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னதால்தான் பாட்டியால் சமைக்க முடிந்தது. அட்டையை முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள்; சாயங்காலம் போய் நீட்டினால் தாஷி ஏற்கெனவே கொதித்திருக்கும்.

பேச்சுக்கு கூகுள் டிரான்ஸ்லேட். இணையம் இல்லாமலும் வேலை செய்ய, ஜப்பானிய, ஆங்கில மொழித் தொகுப்புகளைக் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் எழுவாயை விட்டுவிடுவார்கள். செயலி 'நான்', 'நீங்கள்' என்று தப்பாக நிரப்பும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், எழுவாயோடு. கையெழுத்தில் இருந்த மெனுவைக் கேமரா படிக்கவில்லை.

எதிர்பாராதது இரண்டு. இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்கும்போது, 'சரி' என்று பொருள்படும் 'டைஜோபு'வைச் சொன்னால் 'போதும்' என்று அர்த்தம். 'வரமாட்டீர்களா?' என்று கேட்டால் 'ஹை' என்பது 'ஆமாம், வரமாட்டேன்'. எதிர்மறையில் கேட்காதீர்கள்.

நேரம், விலையெல்லாம் தாளில் எண்ணாக எழுதினாலே போதும்.