ஜான் பி. ஐரிஷ் பற்றிய பழைய ஆவணங்கள் தேடுகிறேன், உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் ஜப்பானிய விவசாயிகள் நிலம் இழந்த கதையைக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மாநிலத்தின் 1913 சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் (அன்று ஜப்பானியரும் இதில் அடக்கம்) விவசாய நிலம் வாங்க முடியாமல் போனது, குத்தகையும் 3 ஆண்டுதான். 1920-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்தக் குத்தகையையும் பறித்தார்கள். அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகள் பெயரில் வாங்கிப் பெற்றோர் பார்த்துக்கொள்ளும் வழியையும் அடைத்தார்கள்.

அப்போது ஊரே ஒரு பக்கம் நிற்க, எதிர்த்துப் பேசியவர் ஜான் பி. ஐரிஷ். அயோவா மாநிலத்தில் பத்திரிகை ஆசிரியர், 1877-ல் அங்கே ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர். அப்புறம் கலிபோர்னியாவின் ஓக்லாந்து வந்து விவசாயத்திலும் இறங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று மேடைமேடையாகப் பேசியவரும் இவரேதான்! அதனாலேயே இவரைப் புனிதராக்காமல் எழுத ஆசை.

எனக்கு வேண்டியது அவருடைய சொந்தப் பேச்சும் எழுத்தும். 1920-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குடியேற்றக் குழு கலிபோர்னியாவில் நடத்திய விசாரணையின் அச்சுப் பிரதி, அவருடைய துண்டுப் பிரசுரங்கள், அந்த ஆண்டு இலையுதிர்கால நாளிதழ்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் நுழைய முடிந்தவர்கள் ஸ்கேன் எடுத்து அனுப்ப முடியுமா? செலவை நான் ஏற்கிறேன்.

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? 'உருளைக்கிழங்கு ராஜா' என்று பெயரெடுத்த ஜப்பானிய விவசாயி ஜார்ஜ் ஷிமா பயிரிட்ட டெல்டா நிலங்களின் இன்றைய படங்கள் சில கிடைத்தால் போதும். கைப்பேசியில் எடுத்தாலும் சரி.