கன்னத்துல வந்தா ஆபரேஷன், டான்சில்ல வந்தா இம்யூனோதெரபி ஊசியா? ரெண்டும் வாய்தானே

கெடிலக்கரை:
நாங்க கடலூர் ஓ.டி பக்கம். எங்க ஆயா வெத்தல பாக்கோட போயிலைய எடது கன்னத்துல அடக்கியே வெச்சிருக்கும், தூங்கும்போது கூட. இப்ப அதே எடத்துல புண்ணு, பயாப்சில கேன்சர்னு வந்துடுச்சி, ஆபரேஷன்ங்கறாங்க. பெரியப்பாவுக்கு டான்சில்ல வந்து ரேடியேஷன் முடிஞ்சி ஒரே வருஷத்துல திரும்பிடுச்சி, அவருக்கு மட்டும் பி.டி.எல் 1னு ஏதோ டெஸ்ட் எடுத்து இம்யூனோதெரபி போடலாம்ங்கறாங்க. ஆயாவையும் வெட்டாம அதே ஊசிய போட்டா ஆவாதா? சொந்தக்காரங்க வேற நெலவேம்பு குடு, எதிர்ப்பு சக்தி ஏறும்ங்கறாங்க, தலையே சுத்துது.

பாகூர் பல் டாக்டர்:
தம்பி, டான்சில வாய்லயே சேக்க மாட்டோம், அது தொண்டை கணக்கு. நாக்குலயே முன்னாடி மூணுல ரெண்டு பங்குதான் வாய். டான்சில்ங்கறதே எதிர்ப்பு அணுக்கள் குடியிருக்கற எடம், அதுல ஹெச்.பி.வி வைரஸால கட்டி வந்தா வைரஸ் புரதம் அசலூர்க்காரன் மாதிரி பளிச்னு தெரிஞ்சிடும், டி செல்லுங்கற சண்டக்கார எதிர்ப்பு அணுக்கள் கூட்டமா பூந்துடும், அந்த வகைக்கு வைத்தியமும் நல்லா கேக்கும். ஆனா நம்ம பக்கம் டான்சில்லயும் பீடி, சாராயத்தால வர்றதுதான் ஜாஸ்தி, அதனால பெரியப்பாவுக்கு பி16, அதாவது ஹெச்.பி.வி வகையான்னு காட்டற டெஸ்ட், பாத்தாங்களான்னு கேளுங்க. கன்னத்துல பாக்கும் சுண்ணாம்பும் வருஷக்கணக்கா ஒரே எடத்த அரிச்சிக்கிட்டே இருக்கு, அங்கயும் அணுக்கள் வரும், வந்ததெல்லாம் சண்டக்காரன் இல்ல, பாதி சண்டைய அமுக்கற ஆளு, கட்டிக்கே வேலை செய்யற மேக்ரோஃபேஜுங்கற விழுங்கற அணுவும் உண்டு. மிச்சம் இருக்கறவன் மேல கட்டி பி.டி.எல் 1ங்கற பிரேக்க போட்டுடும். ஊசி அந்த பிரேக்க எடுத்து விடுது, அவ்ளோதான். நெலவேம்பு குடிச்சா பிரேக் கழலாது.

புதுச்சேரி லேப்:
டாக்டர் சொல்றது சரி, ஆனா கன்னம்னா இப்படித்தான் நாக்குன்னா அப்படித்தான்னு எடத்த வெச்சே முடிவு பண்ணிடாதீங்க, ஸ்லைடு பாக்கணும். ஒரே கன்னத்துல ஒருத்தருக்கு அணுக்கள் மொய்க்கும், இன்னொருத்தருக்கு வறண்டு கெடக்கும். பி.டி.எல் 1 எவ்ளோ இருக்குன்னு சாயம் ஏத்தி பாத்து சி.பி.எஸ்னு ஒரு ஸ்கோர் போடுவோம், கட்டி செல்லோட, லிம்போசைட், மேக்ரோஃபேஜ்ங்கற எதிர்ப்பு அணுக்கள்ல சாயம் ஏறினதையும் சேத்து எண்ணுவோம். பயாப்சி துணுக்கு குட்டி, ஆபரேஷன்ல எடுத்த பெரிய துண்டுல ஸ்கோர் மாறினத பாத்திருக்கேன். ரெண்டு பேரோட மெழுகு பிளாக்கையும் (எடுத்த சதைய மெழுகுல பதிச்சி வெச்சது) பத்திரமா கேட்டு வாங்கி வைங்க.

நெல்லிக்குப்பம் மாமா:
எடத்த விட ஸ்டேஜ்தான் பெருசுப்பா. ஆயாவுக்கு வெட்டி எடுக்க முடியுதுன்னா அதான் மொத வைத்தியம். 2025ல அமெரிக்காவுல ஆபரேஷனுக்கு முன்னயும் பின்னயும் பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி ஊசிய போட அனுமதி குடுத்தாங்க, அதுலயும் கத்தி உண்டு. பெரியப்பாவுக்கு செலவு கட்டலன்னா டாக்டர்கிட்ட கம்மி டோஸ் பத்தி கேளுங்க. மும்பை டாடா மெமோரியல்ல வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்ங்கற இம்யூனோதெரபி ஊசிய மாத்திரைங்களோட குடுத்து பாத்தாங்க, 2022ல வெளியிட்டாங்க, ஒரு வருஷம் தாண்டி உயிரோட இருந்தவங்க மாத்திரை மட்டும்னா 16 சதவீதம், ஊசியும் சேந்தா 43 சதவீதம்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி. ஆயா ஆபரேஷனுக்கு ஒத்துக்கிச்சி. போயிலைய விட்டுடறேன், வெறும் வெத்தல பாக்கு போட்டுக்கறேன்ங்குது, பரவால்லயா?

பாகூர் பல் டாக்டர்:
பாக்கு தனியாவே கேன்சர் உண்டாக்கும்னு 2004லயே ஐ.ஏ.ஆர்.சிங்கற உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியாச்சி. டப்பாவ ஒளிச்சி வைங்க.