மறு: வானிலைச் சிதைவா, விண்முதிர்வா?

அன்புடையீர், வணக்கம்.

காற்றில்லாத நிலவு, சிறுகோள் போன்றவற்றின் பரப்பு நெடுங்காலம் விண்வெளிக்கு ஆட்பட்டு மாறுவதை ஆங்கிலத்தில் space weathering என்பார்கள். அதற்குத் தமிழில் எது பொருத்தமான சொல் என்ற நம் உரையாடலில் ஐயா முன்வைத்த 'விண்வெளி வானிலைச் சிதைவு' என்ற சொல்லை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. வெயிலிலும் மழையிலும் பாறை உதிர்வதைப் பள்ளிப் புவியியலில் வானிலைச் சிதைவு என்று படித்தோம். இலங்கைப் பாடநூல்களில் அது வானிலையாலழிதல். அதன் முன்னால் 'விண்வெளி' என்று சேர்த்துக்கொண்டால் போதும் என்கிறார் ஐயா. ஆனால் 'விண்வெளி வானிலை' என்பது சூரியப் புயல்களைக் குறிக்க ஏற்கெனவே வழங்கிவருகிறது. செயற்கைக்கோள் பழுதாவதைப் பற்றிய பேச்சு என்றே பலரும் எண்ணுவார்கள். அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு: சிறுகோளின் நிறத்தை மாற்றுவது சிதைவு அன்று, படிவு.

இந்தச் சொல் ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமியில் விழும் விண்கற்களில் நூற்றுக்கு எண்பது அளவுக்குச் சாதாரணக் காண்டிரைட்டுகள் என்னும் கல்வகையே. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் மண்டலத்தின் உட்பகுதியில் மலிந்து கிடப்பவை எஸ் வகை எனப்படும் கற்பாங்கான சிறுகோள்கள். அங்கிருந்துதான் இக்கற்கள் வருகின்றன என்று கருதுவதே இயல்பு. ஆனால் நிறமாலை இடம் கொடுக்கவில்லை. சிறுகோளின் ஒளி சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒலிவின், பைராக்சின் கனிமங்கள் ஒளியை உறிஞ்சுவதால் நிறமாலையில் தோன்றும் உட்கவர் பட்டைகள் மங்கியிருந்தன. பிள்ளைகள் கையில் இருந்தும் தாயை அடையாளம் காட்ட முடியாத நிலை.

விடைக்கான தடயம் நிலவிலிருந்து வந்தது. அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த பாறையை அரைத்தால் கிடைக்கும் பொடியைவிட, அங்கே இயற்கையாகக் கிடந்த மண் கருமையாக இருந்தது. நுண்விண்கற்கள் மோதியும் சூரியக் காற்று தாக்கியும் கனிமத்திலுள்ள இரும்பு ஆவியாகி, மணித்துகள்களின் மேல் மீண்டும் படிகிறது, அந்தப் படிவே பரப்பைக் கருமையாகவும் சிவப்பாகவும் ஆக்குகிறது என்று கோளறிவியலாளர் புரூஸ் ஹாப்கே நெடுங்காலம் வாதிட்டார். 1993இல் கலிலியோ விண்கலம் ஐடா சிறுகோளைக் கடந்தபோது, புதிய பள்ளங்களின் நிறம் சுற்றுப்புறத்தைவிடச் சிவப்புக் குறைந்து காண்டிரைட்டுகளை நெருங்கி நின்றது. 2001இல் ஜப்பானின் சாசாகி குழுவினர் ஒலிவின் பொடியில் லேசர் துடிப்புகளைப் பாய்ச்சி அதே மாற்றத்தை ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள்.

முடிவான சான்று இட்டோகாவா என்னும் எஸ் வகைச் சிறுகோள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005இல் அங்கு இறங்கி, 2010 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஊமேராவில் தன் பேழையைச் சேர்த்தது. கிடைத்த துகள்களில் பெரும்பாலானவை பத்து மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. அவற்றை வெட்டி எதிர்மின்னி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே சாதாரணக் காண்டிரைட்டுகளில் ஒரு பிரிவான எல்எல் வகையின் கனிமம். விளிம்பில் மட்டும் சில பத்து நானோமீட்டர் தடிப்பில் மாறிய படலம். அதற்குள் இரும்பின் கரும்புள்ளிகள். அவ்வளவு மெல்லிய தோல் ஒன்றுதான் இத்தனை காலம் தொலைநோக்கியை ஏமாற்றியது!

இதனால்தான் அம்மையார் சொன்ன 'விண்செம்மை' முதலில் என்னைக் கவர்ந்தது. சுருக்கமும் ஓசையும் அதில் உண்டு. ஆனாலும் நிறத்தைச் சொல்லில் பூட்டுவது ஆபத்து. வெஸ்டா என்னும் பெரிய சிறுகோளை 2011 முதல் சுற்றிய டான் விண்கலம் அங்கே நிலவைப் போன்ற இரும்புப் படிவைக் காணவில்லை. வெளியிலிருந்து வந்த கரிமப் பொருள் கலந்தே அதன் பரப்பு மாறியிருக்கிறது. ரியுகு சிறுகோளில் பழைய பரப்பு சிவப்பு, புதிய பள்ளங்கள் நீலச் சாய்வு. பென்னு சிறுகோளிலோ நேர்மாறு: சின்னஞ்சிறு புதிய பள்ளங்கள்தாம் சிவப்பு. இரண்டும் கரிமச் சிறுகோள்கள். 'பென்னுவின் விண்செம்மை அதை நீலமாக்குகிறது' என்று எழுத நேர்ந்தால் சொல் நம் காலையே வாரிவிடும்.

ஆகவே 'விண்முதிர்வு' என்று முன்மொழிகிறேன். விண்வெளியில் முதிர்தல், ஏழாம் வேற்றுமைத் தொகையாக இயல்பாக நிற்கிறது. நிலவு மண்ணை ஆராய்பவர்கள் 'முதிர்ந்த மண்', 'முதிராத மண்' என்ற பாகுபாட்டை நெடுநாளாகவே கையாள்கிறார்கள். புதிதாக நாம் எதையும் திணிக்கவில்லை. நிறம் எப்பக்கம் சாய்ந்தாலும் சொல் தாங்கும். காலம் ஆக ஆக மாற்றம் ஏறும் என்ற கருத்தும் உள்ளே இருக்கிறது. வினையாகவும் பெயரடையாகவும் தடையின்றிக் கிளைக்கும்: 'எஸ் வகைச் சிறுகோள்களின் பரப்பு விண்முதிர்வு அடைந்தது, அதன் அடியில் இருப்பது முதிராத காண்டிரைட்டுப் பொருளே.' வங்கி வைப்புத்தொகைக்கும் 'முதிர்வு' வழங்குகிறதே என்று ஒருவர் கேட்கலாம். 'விண்' முன்னே நிற்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பூமிக்கு மிக அருகில் வரும் சிறுகோளைப் பூமியின் ஈர்ப்பு குலுக்கி, மேல்மண்ணைப் புரட்டி, முதிராத அடிமண்ணை வெளிக்காட்டிவிடும் என்று கோளறிவியலாளர் ரிச்சர்ட் பின்செலும் உடனாய்வாளர்களும் 2010இல் எழுதினார்கள். கியூ வகை எனப்படும் சிறுகோள்களின் நிறமாலை காண்டிரைட்டுகளை ஒத்திருப்பதற்கு அதையே காரணமாகக் காட்டினார்கள். இதற்குப் 'பரப்புப் புதுக்கம்' என்பது என் வரைவு. 'மீளிளமை' என்றும் ஒன்று தோன்றியது. கவிதைக்குத்தான் அது பொருந்தும். 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்னும் சிறுகோள் நம் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கப்போகிறது. அதன் மேல்மண் புரளுமா என்று வானியலாளர்கள் உற்றுப் பார்ப்பார்கள். நம் நாளிதழ்களும் எழுதும். அதற்குள் இரண்டு சொற்களையும் உறுதிசெய்துவிட வேண்டும். ஐயாவும் அம்மையாரும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். 'புதுக்கம்' என்பதைவிட நல்ல சொல் எவரிடமாவது இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்