புதுப்பிப்பு: டயர் மாற்றிய பின் அணையாத எச்சரிக்கை விளக்கு

நாலு டயரும் மாற்றிய பிறகு டயர் அழுத்த விளக்கு அணையவே இல்லை என்று எழுதியிருந்தேன். இப்போது அணைந்துவிட்டது.

டயரின் காற்றழுத்தத்தை நேரடியாக அளக்கும் வால்வு சென்சார் உடைந்திருக்கும் என்று பலர் சொன்னீர்கள். என் காரில் அது கிடையாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்கள் மூலம் சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் காற்று குறைந்ததைக் கார் கண்டுபிடிக்கிறது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறையும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். தேய்ந்த டயருக்குப் போட்ட பழைய கணக்கு புதுசுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூரின் உபி பகுதியில் டயர் மாற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் ரீசெட் செய்யவில்லை. கேட்டதற்கு, "தானா போயிடும் அண்ணே!" போனால்தானே?

காலையில் டயர் சூடேறும் முன், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்தேன்: 230 கேபிஏ, சுமார் 33 பிஎஸ்ஐ. வெயிலில் ஓட்டிய சூட்டோடு அளந்தால் கூடத்தான் காட்டும். அப்புறம் மெனுவில் ரீசெட் அழுத்திவிட்டு பிஐஇ விரைவுச்சாலையில் ஜூரோங் வரை ஓட்டினேன். விளக்கு திரும்ப வரவில்லை.

வால்வில் சென்சார் உள்ள வண்டி என்றால் கதை வேறு. அதன் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரும். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால், காற்றடித்துக்கொண்டிருக்காமல் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.