வில்லுப்பாட்டுப் பாடும் அக்காவின் குரல்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்காவுக்கு 41 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் 20 வருடமாக வில்லுப்பாட்டுப் பாடுகிறாள். சித்திரையில் கோயில் கொடை விழாவில் மூன்று இரவு தொடர்ந்து பாடியதிலிருந்து குரல் கம்மல். மேல் ஸ்தாயிக்குப் போனால் வெறும் காற்றுதான் வருகிறது. சுடலைமாடன் கதையில் சாமி அழைக்கும் இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள், உடுக்கைக்காரர்தான் சமாளித்தார்.

பனங்கற்கண்டு, மிளகுப்பால், அதிமதுரம் எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு வாரம் பேசாமலும் இருந்தாள். அப்புறம் பாளையங்கோட்டையில் கேமரா விட்டுப் பார்த்ததில், இரண்டு குரல்நாணிலும் எதிரெதிரே அரிசி அளவு முடிச்சு. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர், முடிச்சுக்கு முதலில் குரல் பயிற்சிதான், கிசுகிசுவென்று பேசுவதுகூடக் கூடாது என்கிறார். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரையில் பாடகர்களுக்குக் குரல் பயிற்சி தரும் சிகிச்சையாளர் யார் இருக்கிறார்?